குசினிக் கதவைத் திறந்து விடுங்கோ

ஃபிரிஸ்கோவில எங்கட சனம் கனபேர், ஓட்டிசம் உள்ள பிள்ளையை "அது பாவம், ஏலாது" எண்டு குசினிப் பக்கமே விடுறேல்லை. இதுக்குப் பேர் பாசமாம்!

பக்கத்து மெக்கின்னியில 2015இல் திறந்த ஹக்ஸ் கஃபேயைப் போய்ப் பாருங்கோ. அறிவுத்திறன் குறைபாடு உள்ள வளந்த ஆக்கள் சாப்பாடு செய்யினம், பரிமாறினம், சம்பளம் எடுக்கினம்.

ரெஸ்டோரண்ட் குசினியில நிக்கிறவன் சொல்லுறன்: கத்தி பிடிக்கிறது பிறவி ஞானமில்லை, பழக்கம். வேலையைச் சின்னச் சின்னதாப் பிரியுங்கோ. ஒவ்வொண்டுக்கும் படம் ஒட்டுங்கோ. நெருப்புக்குப் பயமெண்டால் இண்டக்சன் அடுப்பு வாங்குங்கோ. சட்டியை எடுத்தால் சூடாக்கிறது நிண்டுடும். புட்டு கட்டிபட்டால் படட்டும்.

"எங்களுக்குப் பிறகு ஆர் பாப்பினம்?" எண்டு அழுகிறியள். அழுகிற நேரத்தில ஒரு முட்டை பொரிக்கப் பழக்குங்கோ.