சூட்டில் குலையாத நொதி

முட்டையைக் கொதிநீரில் போட்டால் வெள்ளைக்கரு இறுகிவிடும். பிறகு ஆற வைத்தாலும் பழையபடி ஆகாது. வெப்பம் புரதத்தின் மடிப்பைக் குலைத்துவிடுகிறது. இந்தச் சமையலறை அறிவை வைத்துப் பார்த்தால் வெந்நீர் ஊற்றில் உயிர் இருக்கவே கூடாது. ஆனால் 1966இல் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில், தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் சுடுநீர் ஊற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். அதற்குத் 'தெர்மஸ் அக்வாடிகஸ்' என்று பெயரிட்டார்கள்.

அது சூட்டைத் 'தாங்கிக்கொள்கிறது' என்று பலர் எழுதுகிறார்கள். அந்தச் சொல் பொருந்தாது. 70 டிகிரி செல்சியஸ்தான் அதற்கு உகந்த வெப்பநிலை. 40 டிகிரிக்குக் கீழே அது வளர்வதில்லை. நமக்கு இதமான அறை அதற்குக் கடுங்குளிர். அதன் புரதங்களில் மாயப்பொருள் எதுவும் இல்லை. நம் உடலில் உள்ள அதே 20 அமினோ அமிலங்கள்தான். மடிப்பின் உட்பகுதி நெருக்கமாக அடைபட்டிருக்கிறது. எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட பகுதிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கின்றன. அதனால் சூட்டில் குலைவதில்லை.

இந்த இறுக்கம் எங்கே பயன்பட்டது? டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறையை 1983இல் கேரி மல்லிஸ் யோசித்துக் கண்டார். அதில், டிஎன்ஏவின் இரண்டு இழைகளைப் பிரிக்க ஒவ்வொரு சுற்றிலும் 95 டிகிரி வரை சூடாக்க வேண்டும். படியெடுக்கும் வேலையைச் செய்வது நொதி என்னும் புரதம்; முதலில் பயன்படுத்திய ஈ.கோலை பாக்டீரியாவின் நொதி அந்தச் சூட்டில் செயலிழந்துவிடும். சுற்றுக்கு ஒருமுறை குழாயைத் திறந்து புதிதாக நொதி சேர்த்தார்கள். தெர்மஸின் 'டாக்' நொதி வந்தபின் ஒருமுறை ஊற்றி மூடினால் போதும். சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பானால், ஒரே டிஎன்ஏ 30 சுற்றுகளில் 100 கோடிக்கு மேல் பெருகும். கோவிட் காலத்தில் நம் மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் வைரஸைக் கண்டுபிடித்தது இந்த முறைதான். டாக்கிலும் குறை உண்டு: பிழை நேர்ந்தால் திருத்தாது. சூட்டில் குலையாமல் திருத்தவும் செய்யும் ஒரு நொதி, இத்தாலியின் வல்கானோ தீவுக் கடற்கரையின் சுடுமணலில் கிடைத்த இன்னொரு நுண்ணுயிரிலிருந்து வந்தது.

பிராக் மருந்தையோ பரிசோதனையையோ தேடிப் போகவில்லை. உயிர் எவ்வளவு சூட்டில் வாழும் என்பதே அவர் கேள்வி. ஆனால் தான் வளர்த்த அந்த பாக்டீரியாவை அமெரிக்க நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் கொடுத்து வைத்தார். பின்னாளில் நொதியைத் தேடியவர்களுக்கு அது அங்கே காத்திருந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகப் பெரிய செயலாகப் படுவது அப்படிக் கொடுத்து வைத்ததுதான். 1991இல் பிசிஆர் உரிமைகளை ரோஷ் நிறுவனம் 30 கோடி டாலருக்கு வாங்கியபோது எல்லோஸ்டோனுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. இந்தியாவில் அப்படி நேராமல் தடுக்க ஒரு பிடி உண்டு: 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் நுண்ணுயிர்களையும் உயிரி வளம் என்றே கணக்கில் கொள்கிறது.

லடாக்கின் புகா பள்ளத்தாக்கிலும் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. அங்கே புவிவெப்ப மின்சாரத்துக்கு 2021இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. மின்சாரம் வரட்டும். ஆனால் ஊற்றின் சூடும் ஓட்டமும் மாறினால் அதில் வாழும் உயிர்களும் மாறும். துளைக்கருவி மேலும் இறங்குமுன் ஒவ்வொரு ஊற்றின் சேற்றையும் நீரையும் எடுத்து வளர்த்து, சண்டிகரில் உள்ள நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் வைக்க வேண்டும். இன்று அவற்றால் என்ன பயன் என்று யாரும் கேட்க வேண்டாம்.