மேட்டூருக்கு மேலே

மேட்டூரில் இன்றைக்கு எத்தனை அடி என்று திருவிடைமருதூரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். டீக்கடை பெஞ்சில் பேப்பரை விரித்ததும் கண் போவது அந்த இடத்துக்குத்தான். கபினியில் எவ்வளவு திறந்தார்கள், ஒகேனக்கலில் வரத்து என்ன, ஜூன் 12-இல் அணை திறக்குமா, குறுவைக்கு ஆகுமா, கடைமடைக்கு எட்டுமா, எல்லாம் நமக்கு அத்துப்படி. அந்தத் தண்ணீர் புறப்படும் காடுகளில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் வாயடைத்துப் போகிறோம். கபினி வயநாட்டில் பிறக்கிறது. அங்கே பணியரும் குறிச்சியரும் காட்டுநாயக்கரும் இருக்கிறார்கள். நீலகிரியில் பெய்யும் மழை மோயாறும் பவானியுமாக இறங்கி, மேட்டூருக்குக் கீழே கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. அந்த மலை தோடர், கோத்தர், குறும்பர், இருளர் வாழும் மலை. சத்தியமங்கலம் காடு தொட்டு பிளிகிரிரங்கன் மலை வரை சோளகர். இவர்களைப் பற்றி நூறாண்டுக்கு மேலாகப் புத்தகங்கள் வந்துகொண்டிருக்கின்றன. நாம்தான் படிக்கவில்லை.

நாம் என்று நான் சொல்வது, இந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் வாசகர் என்று பெயர் வாங்கியிருக்கும் அத்தனை பேரையும். படிப்பு வாசனை இல்லாத சீமை இல்லை இது. பக்கத்துத் திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடம் சொன்னார், உ.வே.சா. பாடம் கேட்டார். மகாவித்துவான் நம் ஊர்மேல் உலாவே பாடியிருக்கிறார். பிற்பாடு சோவியத் புத்தகங்கள் மலிவாக வந்த காலத்தில் சைபீரியக் காட்டையும் உறைந்த ஆறுகளையும் வேட்டைக்காரர்களையும் திண்ணையில் உட்கார்ந்தே பார்த்தோம். ஜாக் லண்டனைப் பெ. தூரன் 'கானகத்தின் குரல்' என்று தமிழில் தந்தார். பனியைக் கண்ணால் காணாத நாம், யூக்கான் பனியில் சறுக்குவண்டி இழுத்த பக் என்ற நாய்க்காகக் கண் கலங்கினோம்.

அந்தக் கலக்கம் உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கதையிலும் மண்ணின் மக்கள் கடைசியில்தான், அதுவும் அம்பெய்து கொல்லும் எதிரிகளாகத்தான் வருகிறார்கள். அங்கே உண்மையில் வாழ்ந்தவர்கள் யார் என்று நாம் கேட்கவில்லை. 1896-இல் குளோண்டைக் பக்கம் தங்கம் அகப்பட்டதும் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஆற்றோரம் மீன்பிடித்து வாழ்ந்த ஹான் மக்களின் தலைவர் ஐசக், தம் ஆட்களை ஆற்றின் போக்கில் சற்றுத் தள்ளி மூஸ்ஹைட் என்ற இடத்தில் குடியேற்றினார். இந்த நெரிசலில் தங்கள் பாட்டும் ஆட்டமும் அழிந்துபோகும் என்று அஞ்சி, அவற்றை அலாஸ்காவில் இருந்த உறவுக்காரர்களிடம் கொடுத்து வைத்தார். பல பத்தாண்டுகள் கழித்துப் பேரப்பிள்ளைகள் போய் அந்தப் பாட்டுகளைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். ஜாக் லண்டன் கதையை ஆளுக்கு ஒருமுறையாவது படித்த நம்மில் ஐசக்கின் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

நீலகிரிப் பாட்டுகளும் இப்படிப் பத்திரப்படுத்தப்பட்டவைதான். அதைச் செய்தவர் வடக்குச் சீமைக்காரர், கனடாவில் பிறந்த முர்ரே எமனோ. வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் மொழிகளை அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு எழுதிய எட்வர்ட் சபீரிடம் பயின்றவர். கற்ற முறையோடு 1935-இல் நீலகிரிக்கு வந்து, 1938 வரை இந்தியாவில் தங்கி, தோடர் பாடப் பாட எழுதிக்கொண்டார். 1971-இல் அது ஆயிரம் பக்க ஆங்கிலப் புத்தகமாக ஆக்ஸ்ஃபோர்டில் வெளிவந்தது. தோடர் பாட்டின் அமைப்பு நம்மூர் வித்துவான்கள் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டிய சங்கதி. எதைப் பாடினாலும் அதற்கென்று வகுத்து வைத்த சொற்கட்டுகள் உண்டு. அவை இணை இணையாகவே வரும். ஓர் ஊரைச் சொன்னால் கூடவே இணையான இன்னோர் ஊர், ஓர் எருமையைச் சொன்னால் பக்கத்தில் இன்னோர் எருமை. எழுத்து இல்லை, ஏடு இல்லை. அந்த மரபுக்குள் நின்று எந்தத் தோடரும் நின்ற இடத்தில் பாட்டுக் கட்டலாம். சாவுக்கும் பாட்டு, கல்யாணத்துக்கும் பாட்டு, எருமை கன்று போட்டாலும் பாட்டு. 2011 கணக்கெடுப்பின்படி தோடர் சுமார் இரண்டாயிரம் பேர். இவ்வளவு சிறிய கூட்டத்துக்குள் இத்தனை புலவர்கள் இருந்தது, தேவாரமும் கீர்த்தனையும் கேட்டு வளர்ந்த நம் காதுக்கு எட்டவேயில்லை. அந்த ஆயிரம் பக்கத்தைத் தமிழில் கொண்டுவாருங்கள் என்று எந்தப் பதிப்பகத்துக்கும் நம்மிடமிருந்து ஒரு கார்டு போகவில்லை.

கோத்தர் விஷயத்தில் நம் அலட்சியம் இதைவிட மோசம். அவர்களுடைய ஊர் மொத்தம் ஏழு. கொல்லு வேலை, மண்பாண்டம், வாத்தியம் மூன்றும் அவர்கள் கைத்தொழில். ஒரு காலத்தில் தோடர் வீட்டுச் சாவுக்கும் அதே மலையில் வாழும் படகர் வீட்டுச் சாவுக்கும் அவர்கள் வாசித்தால்தான் காரியம் நடக்கும். வாசிப்பது கோள் என்ற குழல்வாத்தியம்; நம் நாகசுரத்தைப் போலவே வாயில் சீவாளி வைத்து ஊதுவது. மூச்சை இடையில் விடாமல், கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் இழுத்து ஊதுகிறார்கள். பக்கத்தில் பறையும் மத்தளமும் கொம்பும் நிற்கும். தெய்வத்துக்கான மெட்டு வேறு, சாவுக்கான மெட்டு வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று வரக்கூடாது. இதையெல்லாம் ரிச்சர்ட் உல்ஃப் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் அவர்களோடு இருந்து கற்று, ஒரு முழுப் புத்தகமாக எழுதி 2005-இல் இந்தியாவிலேயே வெளியிட்டார்.

நாமோ நாகசுர வித்துவான் வீருசாமி பிள்ளையைத் தந்த ஊர்க்காரர்கள். நாகசுரம் கடையும் நரசிங்கம்பேட்டை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சீவாளிக்குத் திருவாவடுதுறை. ஆச்சா மரம் எத்தனை வருஷம் காய்ந்திருக்க வேண்டும், சீவாளி நாணலை எப்படிப் பக்குவம் பண்ணுவது என்று நம் தெருவில் சின்னப் பிள்ளைகளே சொல்லும். இதே மாநிலத்து மலைமேல் இதற்குப் பங்காளியான வாத்தியம் ஒன்று இருக்கிறது, அதற்கும் கடைசலும் சீவாளியும் உண்டு, அதற்கும் வழிவழியாக ஊதும் குடும்பங்கள் உண்டு என்பதை நாம் தெரிந்துகொள்ள ஓர் அமெரிக்கர் புத்தகம் எழுத வேண்டியிருந்தது. எழுதிய பிறகும் நாம் வாங்கவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. கலை என்றால் ஆற்றங்கரையில் விளைவது, மலையில் விளைவது தேனும் கிழங்கும் என்று மனசுக்குள் பிரித்து வைத்திருக்கிறோம். குறிஞ்சித்திணையைப் பாடமாகப் படித்தோம், கபிலர் அடுக்கிய 99 பூவையும் ஒப்பித்துப் பரிசு வாங்கினோம், அதோடு மலையைப் படித்து முடித்தாயிற்று என்று இருந்துவிட்டோம்.

ராஜம் கிருஷ்ணன் காவிரிக்கரை முசிறியில் பிறந்தவர். நம் வயலில் உழைப்பவர்களைப் பற்றி அவர் எழுதிய 'சேற்றில் மனிதர்கள்' இங்கே பேசப்பட்டது. அதே கையால் நீலகிரிப் படகர் வாழ்க்கையை எழுதிய 'குறிஞ்சித் தேன்' ஏன் பேசப்படவில்லை? கொல்லிமலை மக்களைப் பற்றிய கு. சின்னப்ப பாரதியின் 'சங்கம்', பக்தவத்சல பாரதியின் 'தமிழகப் பழங்குடிகள்', இவையும் நம் கூட்டங்களில் அடிபடாத பெயர்கள்.

படிக்காததால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு வாச்சாத்தியைச் சொல்கிறேன். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் தர்மபுரி மாவட்டத்தில் அந்த மலையாளிப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். வீடுகளை இடித்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள், ஊரையே சிறைக்கு அனுப்பினார்கள். நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2011 செப்டம்பர் 29 ஆயிற்று. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முதல் தீர்ப்பு வரும்வரை போன பத்தொன்பது வருஷத்தில் நம் வாசகர் கூட்டங்களில் ஸ்டெப்பிப் புல்வெளி பேசினோம், அலாஸ்கா பேசினோம். வாச்சாத்தி நமக்குப் பேப்பரில் வந்த ஒரு செய்தி. நடுவில் 2004-இல் ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' வந்தது. வீரப்பன் தேடுதலின் பேரில் சோளகர் குடியிருப்பில் நடந்த சித்திரவதைகளை, அந்த மக்களுக்காக வழக்காடி வந்த ஒருவர் நாவலாக எழுதினார். அதை வாங்கிய சிலரும் 'மனசு தாங்காது' என்று பாதியில் மூடி வைத்தோம். மனசு தாங்காததை அவர்கள் உடம்பு தாங்கியது.

இனி நடக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் புத்தகங்களைக் கேட்டுக் கிளை நூலகத்தின் பரிந்துரைப் பதிவேட்டில் நாமே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கேட்காத புத்தகம் வராது. தைப்பூசத்துக்கு நம் ஊரில் நாகசுரக்காரர்கள் கூடுகிறார்களே, அந்தச் சமயத்தில் கோத்தர் வாத்தியக்காரர்களை அழைக்கலாம் என்பது என் விருப்பம். அழைத்தால் வித்துவான்களாக அழைக்க வேண்டும்: பயணம், தங்க இடம், நம்மூர்க்காரர்களுக்குக் கொடுக்கும் அதே சன்மானம், மேடையில் அதே நாற்காலி. அதற்கு முன்னால் இங்கிருந்து நாலு பேர் கோத்தகிரிப் பக்கம் போய், அவர்கள் ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வர வேண்டும். எந்த மெட்டை வெளியூரில் வாசிக்கலாம், எது அவர்கள் கோயிலை விட்டு வெளியே வரக்கூடாது, வருவதில் அவர்களுக்கு இஷ்டம் உண்டா என்பதையெல்லாம் அவர்கள்தான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் சரி என்று கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டும்.