ஆகாயப் போரும் ஆட்டுக்கடாவும்

தன் மகன் போர்க்களத்தில் உடைந்து புறங்கொடுத்தான் என்று பிறர் கூறக் கேட்ட முதியோள் ஒருத்தி, அது மெய்யாயின் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் எனச் சினந்து, வாளேந்திக் களம் புகுந்த செய்தியைப் புறநானூற்றிற் கற்கின்றோம். அத்தகைய நூல்களைப் பயிலும் தமிழ் மாணாக்கன் கணினியில் ஆகாயப்போர் விளையாட்டைப் பழகப் புகுவானாயின், முதற்கண் இடர்ப்படும் இடம் ஒன்றுண்டு. அவ்விளையாட்டு அவனைப் பகைவனை விட்டு விலகுமாறு கற்பிக்கின்றது. விலகுதல் கோழைமையோ? அன்றென்பதே என் கருத்து.

'வார் தண்டர்', 'இல்-2 ஸ்டர்மோவிக்' முதலிய விளையாட்டுகளில் வரும் போர் விமானங்களை இருதிறமாகப் பகுக்கலாம். ஜப்பானியரின் ஜீரோ போல்வன குறுகிய வட்டத்தில் விரைந்து திரும்ப வல்லன. ஜெர்மானியரின் ஃபோக்கவுல்ஃப் 190 போல்வன அவ்வாறு திரும்ப மாட்டா. ஆயின், மேலிருந்து பாய்ந்து தாக்கி, பாய்ச்சலிற் பெற்ற விரைவைக்கொண்டே மீண்டும் மேலேறுவன. பின்னவற்றை ஆற்றற்போர் விமானங்கள் எனலாம்.

ஈண்டு ஆற்றல் என்பது யாது? கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வார்க்கு இதனை விளக்குதல் எளிது. 1895-இல் திறக்கப்பெற்ற பெரியாற்றணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கு நோக்கி வந்து, பெருங்குழாய்களில் இறங்கி, லோயர் கேம்பில் மின்பொறிகளைச் சுழற்றுகின்றது. மேலே நின்றபொழுது உயரமாக இருந்ததே கீழே விசையாயிற்று. அந்நீர் பின்னர் வயலுக்குப் பாயுமேயன்றி மலையேறாது. விமானமோ, விரைவைச் செலவிட்டு உயரத்தை மீட்டுக்கொள்ளும். காற்றின் தடையை நீக்கிக் கணக்கிடின், மணிக்கு 360 கிலோமீட்டர் விரைவு ஏறக்குறைய 510 மீட்டர் உயரத்துக்கு ஈடாம்; விரைவு இருமடங்காயின் உயரம் நான்மடங்காகி 2,040 மீட்டராம். ஆயின், வலிந்து திரும்புந்தோறும் தடை மிகுந்து இச்செல்வம் கரைந்துபோம்.

யான் பழகத் தொடங்கிய நாட்களில் இவ்வுண்மையை அறிந்தும் அறியாதவனாயினேன். பகைவனுக்கு 1,000 மீட்டர் மேலிருந்து பாய்வேன், குறி தப்பும், அவன் திரும்புவான். 'இன்னுஞ் சிறிது திரும்பினால் அகப்படுவான்' என்றெண்ணி யானும் உடன் திரும்புவேன். மூன்றாம் வட்டத்தில் விரைவுமில்லை, உயரமுமில்லை; அவன் என் பின்னே நிற்பான். குறி தப்பியவுடன் சிறகை நேராக்கி, விலகி, மேலேறி, எட்டச் சென்ற பின்னரே திரும்புதல் வேண்டும். இப்பாடத்தைக் கை விரைவிற் கற்றது; மனமோ நெடுநாள் கற்க மறுத்தது. என்னை வீழ்த்தியது பகைவனது திறமை அன்று, என் ஆத்திரமே.

இஃது விளையாட்டளவில் நிற்பதும் அன்று. 1941-42-இல், தமிழர் பலர் வாழ்ந்த இரங்கூன் நகரின் வானில் ஜப்பானியரை எதிர்த்த அமெரிக்கத் தன்னார்வப் படையினர்க்கு அவர்தம் தலைவர் கிளேர் ஷெனால்ட் கற்பித்தது, பகைவனோடு வட்டமிடாது, பாய்ந்து சுட்டு விலகுக என்பதே. 1942 ஏப்ரல் 5, ஆண்டவர் உயிர்த்தெழுந்த திருநாளன்று, ஜப்பானியர் கொழும்பைத் தாக்கினர். இரத்மலானையில் ஹரிக்கேன் விமானங்கள் தரையினின்று எழும்பொழுதே தாக்குண்டன. உயரமும் விரைவும் சேராத நிலையில் வீரம் என் செய்யும்? அன்று மாண்ட இளைஞர்க்கு, நமக்குள்ளது போல், ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் வசதி இருந்ததில்லை. இதனை மறந்து ஆடுவோமாயின், நம் விளையாட்டு வெறும் கொலைக் களிப்பாய் முடியும்.

இனி, விலகுவோனைக் கோழை என்று நகைக்கும் நண்பர்க்கு ஒன்று கூறுவேன். நம் நாட்டுக் கிடாமுட்டை அவர்கள் கண்டிருப்பர். கடா பின்வாங்குவது அஞ்சியன்று. ஓடிவந்து முட்டும் விசைக்காகவே. காலமறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் இதனையே உவமையாக்கினார். தாவீதும் கோலியாத்தின் கைக்கெட்டும் இடத்திற் சென்று பொருதானல்லன். தனக்குரிய கவணை ஏந்தி, தனக்குரிய தொலைவில் நின்றே வென்றான். புறங்கொடுப்பவன் களத்தைக் கைவிடுகின்றான். விலகுபவனோ கண்ணைப் பகைவன்மேல் வைத்தே விலகுகின்றான். புறநானூற்றுத் தாய் சினந்தது முன்னவனையே யன்றிப் பின்னவனை யன்று.

விளையாட்டிற் பொழுது மிகுதியாய்க் கழியும் என்று பெரியோர் கூறுவது உண்மையே, அளவு வேண்டும். ஆயினும், சொற்போரிலும் விடுதிப் பூசலிலும் பிறர் இழுத்த வட்டத்திலெல்லாம் சுழன்று ஆற்றலை இழக்கும் நம்மனோர்க்கு, சிறகை நேராக்கி விலகி மேலேறும் பழக்கம் சிறிதேனும் கைவருமாயின், அப்பொழுது முழுதும் வீணாயிற்று என்று எவரும் கூறார்.