சராசரியாக இருக்கவும் எங்களுக்கு உரிமை உண்டு

பிளஸ் டூ முடிவு வந்த அன்று இலஞ்சியில் எங்கள் அக்கா வீட்டில் யாரும் மிட்டாய் வாங்கவில்லை. அக்கா மகள் எடுத்தது 600க்கு 338. தோல்வி இல்லை. ஆனால் தேர்ச்சி என்று வாய்விட்டுச் சொல்லவும் அந்தப் பிள்ளைக்குக் கூச்சம்.

"ஏட்டி, அடுத்து என்ன செய்யப் போற?" என்று கேட்டேன்.

"மாமா, காலுக்குன்னே தனியா ஒரு படிப்பு இருக்காம்லா. சர்க்கரைப் புண்ணு, ஆணிக்கால், வெடிப்பு எல்லாம் பாக்கிறது. ஆச்சிக்குக் கால எடுத்தாங்கள்லா, அப்படி எடுக்க விடாம முன்னாடியே பாத்துக்கலாமாம். அதப் படிக்கணும்."

மறுநாள் விண்ணப்பம் போட ஒரு கணினி மையத்துக்குப் போனோம். மதிப்பெண் பட்டியலைப் பார்த்தவர் சிரித்தார். "இந்த மார்க்குக்குக் கால் டாக்டரா? கால் தூசியக்கூடத் தொட முடியாதும்மா" என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. இந்த நாடு அவருக்குச் சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான்.

அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காலைப் பற்றிப் பேசுவோம். அக்கா மகள் சொன்ன ஆச்சி என் அம்மா. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊரெல்லாம் குளிக்கக் கிளம்பும். அதே சாரலில்தான் அம்மா வயலில் நடவுக்கு இறங்குவாள். நாள் முழுக்கச் சேற்றில் நின்ற காலில் சேற்றுப்புண், குதிகாலில் பித்தவெடிப்பு. அதற்கு மேல் சர்க்கரை. சர்க்கரை முற்றினால் காலில் உணர்ச்சி போய்விடும். முள் குத்தினாலும் தெரியாது. சுண்டுவிரலில் வந்த சின்னப் புண்ணை அவள் கண்டது, நாற்றம் வந்த பிறகு. விரலில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே வரை எடுத்தார்கள். கால் போனதோடு கூலியும் போயிற்று.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணித்தது. இவர்களில் பலரின் கால்களைக் காப்பாற்றப் பெரிய அறுவை அரங்கம் தேவையில்லை. மாதம் ஒரு முறை காலைக் கையில் எடுத்துப் பார்க்கிற ஒருவர் வேண்டும். உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்து, நகத்தை வெட்டி, ஆணியைச் சீவி, அழுத்தம் விழாத செருப்புச் சொல்லித்தருகிற ஒருவர் வேண்டும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. பாத மருத்துவம் என்று அதைச் சொல்லலாம். இங்கே 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டத்தின் அட்டவணையில் அந்தத் தொழிலின் பெயர் ஏறியிருக்கிறது. பெயர் ஏறிவிட்டது, படிப்பு இறங்கி வரவில்லை. கலந்தாய்வுப் பட்டியலில் கண்ணுக்குப் படிப்பு உண்டு, காதுக்கு உண்டு. காலுக்கென்று தனியாக இல்லை.

ஏன் இல்லை? காசு இல்லையா, ஆள் இல்லையா? நான் வேறொரு காரணத்தையும் சொல்வேன். இந்தச் சமூகத்தில் கால் என்பது வெறும் உறுப்பு இல்லை. அது ஒரு சாதி.

ரிக் வேதத்தின் புருஷ சூக்தம் வாயிலிருந்து பிராமணனையும் பாதத்திலிருந்து சூத்திரனையும் பிறக்க வைத்தது. அந்த உடம்பில் எங்களுக்குப் பாதம்கூடக் கிடைக்கவில்லை. எங்களை உடம்புக்கு வெளியே நிறுத்தினார்கள். பெரியவர் காலில் விழு, அவர் காலைத் தொடு என்றார்கள். எங்கள் காலை மட்டும் யாரும் தொடக் கூடாது, அதில் செருப்பும் இருக்கக் கூடாது. இது பழங்கதை என்று நினைக்கும் தோழர்கள், திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் அருகே ராஜாவூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அந்த ஊரின் ஆதிக்க சாதித் தெரு ஒன்றில் அருந்ததியர்கள் காலில் செருப்போடு கூட்டமாக நடந்தார்கள். அது நடந்தது 2023 டிசம்பரில். நிலவில் கலம் இறக்கிய ஆண்டில், சொந்த ஊர்த் தெருவில் செருப்புப் போட ஒரு போராட்டம்!

இதே செருப்புத்தான் மருத்துவத்தில் மருந்து. 1940களின் இறுதியில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகால்களை ஆராய்ந்த மருத்துவர் பால் பிராண்ட், விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்று காட்டினார். வலி தெரியாத கால், காயத்தின் மேலேயே திரும்பத் திரும்ப ஊன்றி நடப்பதால்தான் அழிகிறது. அந்த அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்புத்தான் கால்களைக் காத்தது. சர்க்கரை நோயாளியின் காலுக்கும் அதே விதிதான். எந்தக் காலுக்கு எங்கே இறுக்கும், எங்கே தளர்த்த வேண்டும், அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்கிறது என்பதைத் தெருவோரத்தில் அமர்ந்து தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள் யார்? அந்த அறிவுக்கு எந்தத் தேர்விலாவது ஒரு மதிப்பெண் உண்டா?

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "அப்படியானால் செருப்புத் தைக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கால் படிப்பு, மற்றவர்களுக்கு இதயப் படிப்பு" என்று யாராவது கிளம்பினால், அது மனுதர்மத்தின் புதுப் பதிப்பு. குறைந்த மார்க்கா, கீழ்ப்படிப்புக்குப் போ என்று தள்ளுவதும் அதுதான். அக்கா மகள் காலைக் கேட்டது இதயம் கிடைக்காததால் இல்லை. ஆச்சியின் காலைக் கண்ணால் பார்த்ததால். அது அவளுடைய தேர்வு. அந்தத் தேர்வை மதிக்கச் சொல்கிறேன்.

இப்போது தகுதி, திறமைக்கு வருவோம்.

வகுப்புவாரி அரசாணை 14 இடங்களில் பார்ப்பனர் அல்லாதாருக்கு 6, பிற்பட்டோருக்கு 2, பார்ப்பனருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கு வைத்தது. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காதபடி இந்த ஆணை தடுக்கிறது என்று செண்பகம் துரைராஜன் வழக்குப் போட்டார். 1951இல் உச்ச நீதிமன்றம் ஆணை செல்லாது என்றது. வேடிக்கை என்னவென்றால், அவர் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்ததாகவே தெரியவில்லை என்று அதே தீர்ப்பில் எழுதியிருக்கிறது. விண்ணப்பமே போடாதவரின் தகுதிக்காக ஒரு மாகாணத்தின் சமூகநீதியைக் கிழித்தார்கள். பெரியார் தெருவுக்கு வந்தார், தமிழ்நாடு கொதித்தது, அரசியலமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது.

அன்று தொடங்கிய தகுதிப் பல்லவி இன்று நீட்டாகப் பாடப்படுகிறது. அந்தத் தகுதியின் இலட்சணத்தைப் பாருங்கள். 2025 நீட் தேர்வில் பொதுப் பிரிவுக்குத் தேர்ச்சி எல்லை 720க்கு 144. அதாவது 20 சதவீதம். அந்த மதிப்பெண்ணுக்கு அரசு இடம் கனவிலும் வராது. ஆனால் ஆண்டுக்குப் பல லட்சம் கட்ட முடிந்தால் தனியார் கல்லூரியின் கதவைத் தட்டலாம். 2023இல் மேற்படிப்பு இடங்கள் நிரம்பவில்லை என்றதும் முதுநிலை நீட்டின் தகுதி எல்லையைப் பூஜ்ஜியம் பர்சென்டைலுக்கு இறக்கினார்கள். தேர்வு எழுதி கழித்தல் மதிப்பெண் வாங்கியவரும் கலந்தாய்வுக்கு வரலாம்! அப்போது எந்தத் தகுதிக் காவலரும் "நாளை இவர் கையில் உயிரை ஒப்படைப்பீர்களா" என்று கேட்கவில்லை. காலியாகக் கிடந்தால் இடம் வீண் என்றார்கள். எங்கள் பிள்ளை வந்தால் மட்டும் தரம் வீண்.

பிளஸ் டூவையும் நீட்டையும் ஒப்பிடக் கூடாது, இரண்டும் வேறு வேறு தேர்வு என்பீர்கள். சரி, ஒப்பிடவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பணம் உள்ளவரின் குறைந்த மதிப்பெண்ணுக்கு 'வாய்ப்பு' என்று பெயர். எங்கள் குறைந்த மதிப்பெண்ணுக்கு 'தகுதியின்மை' என்று பெயர்.

மதிப்பெண் குறைந்தவரிடம் நோயாளியை ஒப்படைக்கலாமா என்ற கேள்விக்கும் நேராகவே பதில் சொல்லலாம். நுழைவு மதிப்பெண் மருத்துவரை உருவாக்குவதில்லை, படிப்பு உருவாக்குகிறது. இட ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கும் பொதுவில் சேர்ந்தவருக்கும் பாடம் ஒன்று, இறுதித் தேர்வு ஒன்று, தேர்ச்சி மதிப்பெண் ஒன்று. சலுகை வாசலில்தான். வெளியே வரும்போது எல்லோருக்கும் ஒரே அளவுகோல். கல்லூரி மோசமாகச் சொல்லிக்கொடுத்தால் கல்லூரியைக் கேளுங்கள். பதினேழு வயதுப் பிள்ளையின் ஒரு நாள் தேர்வை ஏன் கேட்கிறீர்கள்?

இனி நம்மவர்களிடம் பேச வேண்டியதும் உண்டு, தோழர்களே.

2017இல் அரியலூர் அனிதாவை இழந்தோம். சுமை தூக்கும் தொழிலாளியின் மகள், 1200க்கு 1176 எடுத்தவர். நாமெல்லாம் அந்த 1176ஐத்தான் பதாகையில் எழுதினோம். எழுதியது சரி. நீட்டின் பொய்யை அந்த எண் ஒன்றே உடைத்தது. ஆனால் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னதில் நம்மை அறியாமலே ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டோம். 1176 எடுத்தவருக்கு அநீதி என்றால், 676 எடுத்தவருக்கு நடந்தது நீதியா? முதல் மதிப்பெண் எடுக்கிற தலித் பிள்ளைக்குப் பாராட்டு விழா வைக்கிறோம், புத்தகம் கொடுக்கிறோம். 338 எடுத்த பிள்ளை அந்தக் கூட்டத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருக்கிறது.

ஆதிக்க சாதி வீட்டில் சராசரிப் பிள்ளைக்கு ஒரு வாழ்க்கை உண்டு. அப்பாவின் கடை, மாமாவின் சிபாரிசு, விற்க ஒரு நிலம், நிர்வாக ஒதுக்கீடு. நம் வீட்டில் மட்டும் ஒரு பிள்ளை மேதையாக இருந்தாக வேண்டும், இல்லையென்றால் கூலி. இரண்டுக்கும் நடுவில் எதுவும் கிடையாது. எல்லோரிலும் சராசரிகள் உண்டு. அவர்கள் சராசரியாகவே இருந்து நல்ல வேலை பார்க்கிறார்கள். அந்த உரிமை நமக்கு வந்தால்தான் சமத்துவம் வந்ததாக அர்த்தம்.

அண்ணல் அம்பேத்கர் 1907இல் மெட்ரிகுலேஷனில் எடுத்தது 750க்கு 282. வகுப்பில் தனியே சாக்கை விரித்து உட்கார வைக்கப்பட்டவர், சமஸ்கிருதம் படிக்க விடாமல் பாரசீகத்துக்குத் தள்ளப்பட்டவர் எடுத்த மதிப்பெண் அது. இன்றைய கணினி மையத்தில் அந்தப் பட்டியலை நீட்டினால் அதே சிரிப்புத்தான் வரும். 282க்குப் பின்னால் என்ன இருந்தது என்று இன்று எல்லோரும் பேசுகிறோம், ஏனென்றால் அவர் அம்பேத்கர் ஆனார். ஆகாதவர்களின் 282க்குப் பின்னாலும் அதே சாக்குத்தான் இருந்தது.

338க்குப் பின்னால் என்ன இருந்தது என்று நான் சொல்கிறேன். கால் எடுத்த ஆச்சியைக் குளிப்பாட்டிவிட்டுப் பள்ளிக்குப் போன இரண்டு வருடம் இருந்தது. புண்ணுக்குக் கட்டு மாற்றிக் கட்டிய கை இருந்தது. நாற்றத்துக்கு முகம் சுளிக்காத குணம் இருந்தது. பாத மருத்துவத்துக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

எனவே கேட்கிறோம். 2019இல் தனி மாவட்டமான தென்காசிக்கு, 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தபோதும் ஒன்று வரவில்லை. அதைக் கொடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் பாத மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகத் தொடங்குங்கள். சேர்க்கையை நீட்டிடம் கொடுக்காதீர்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணும் முழு இட ஒதுக்கீடும் போதும். மருத்துவத்தில் அரசுப் பள்ளி மாணவருக்கு 2020இல் வந்த 7.5 சதவீதத்தைத் துணை மருத்துவப் படிப்புகளுக்கும் நீட்டுங்கள். ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் கால் பார்க்க ஓர் அறை, அளவெடுத்துச் செருப்புச் செய்ய ஒரு பட்டறை, அரசுச் சம்பளத்தில் ஆட்கள் வேண்டும்.

தோழர்களே, உங்கள் தெருவிலும் ஒரு 338 இருக்கும். இந்த ஆண்டு முடிவு வரும்போது முதல் மதிப்பெண்காரர் வீட்டுக்கு மற்றவர்கள் போவார்கள். நீங்கள் இந்த வீட்டுக்குப் போங்கள். எந்தெந்தப் படிப்பு இருக்கிறது, எந்தச் சான்றிதழ் வேண்டும், கடைசித் தேதி எது என்று உட்கார்ந்து பார்த்து, விண்ணப்பத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

நாங்கள் வேறொரு கணினி மையத்துக்குப் போனோம். கால் படிப்பு பட்டியலில் இல்லாததால் செவிலியர், பிசியோதெரபி இரண்டுக்கும் போட்டாள். "அது வர்ற வரைக்கும் இதப் படிக்கேன் மாமா" என்றாள். வர வைப்பது நம் வேலை.