பாலைவனப் பூங்காவில் ஃபேமிலி கேம்பிங்: ஜாலியான வீக்கெண்ட் எந்த இடத்தில் ஆபத்தாகிறது?

இரண்டு நாள் லீவு. காரில் ஒரு டென்ட், நாலு ஸ்லீப்பிங் பேக், பிள்ளைகளுக்கு நொறுக்குத்தீனி. மூன்று மணி நேர டிரைவ் முடிந்தால் பாலைவனம். இரவில் தலைக்கு மேலே பால்வீதி. அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு, தமிழர்கள் உட்பட, ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா என்றால் இப்படியொரு படம்தான் மனதில் வரும். ஹோட்டல் வாடகையோடு ஒப்பிட்டால் செலவும் கம்மி.

ஆனால் இந்தப் படத்துக்குப் பின்னால் மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறிக்கொண்டிருக்கின்றன. வெயில் கூடுகிறது. பூங்காவைக் கவனிக்கும் ஊழியர்கள் குறைகிறார்கள். பூங்காவுக்குப் பெயர் கொடுத்த மரமே அங்கே நிலைக்குமா என்ற கேள்வி எழுந்திருக்கிறது. ஒரு சாதாரண குடும்பச் சுற்றுலா ஏன் விவாதப் பொருளாகிறது? பார்க்கலாம்.

ஜோஷுவா ட்ரீ: எங்கே, எவ்வளவு பெரியது?

லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குக் கிழக்கே சுமார் 200 கி.மீ. தொலைவில் இருக்கிறது. பரப்பளவு ஏறத்தாழ 3,200 சதுர கி.மீ. 1936இல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. 1994இல் தேசியப் பூங்காவானது. இரண்டு பாலைவனங்கள் இங்கே சந்திக்கின்றன. மேற்குப் பக்கம் உயரமான, கொஞ்சம் குளிர்ந்த மொஹாவி. கிழக்குப் பக்கம் தாழ்வான, சூடான கொலராடோ பாலைவனம்.

சமீப ஆண்டுகளில் வருடத்துக்குச் சுமார் 30 லட்சம் பேர் வருகிறார்கள். கூடாரம் போட ஏறக்குறைய 500 இடங்கள்தான் உண்டு. பெரும்பாலானவற்றை ஆறு மாதம் முன்பிருந்தே ஆன்லைனில் புக் செய்யலாம். குளிர்காலமும் வசந்தமும்தான் சீசன் என்பதால், அந்த மாதங்களின் வார இறுதிகள் சீக்கிரமே நிரம்பிவிடும். இடம் கிடைக்காதவர்கள் பூங்காவுக்குள் சாலையோரமாகக் கூடாரம் போட்டுக்கொள்ள அனுமதி இல்லை.

"நம்ம ஊர் பார்க்காத வெயிலா?"

சென்னையிலும் வேலூரிலும் வளர்ந்தவர்களுக்கு இந்த எண்ணம் வருவது இயல்பு. ஆனால் இரண்டும் வேறு வேறு வெயில்.

சென்னையில் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு கசகசக்கும். "ரொம்ப வேர்க்குது, தண்ணி குடிக்கணும்" என்று உடம்பே சொல்லிவிடும். பாலைவனக் காற்று வறண்டது. வியர்வை வந்த வேகத்தில் ஆவியாகிவிடும். சட்டை நனையாது, கசகசப்பும் இருக்காது. உடம்பிலிருந்து தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருப்பது தெரியவே தெரியாது. தலைவலி, குமட்டல், தடுமாற்றம் என்று வரும்போதுதான் விஷயம் புரியும்.

சிறு பிள்ளைகளுக்கு இது இன்னும் சிக்கல். அவர்கள் உடல் சீக்கிரம் சூடாகும். விளையாட்டு மும்முரத்தில் தாகம் எடுப்பதையும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு பக்கம் குளிர். கோடையில் பகல் வெப்பநிலை 38 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். குளிர்கால இரவுகளிலோ உறைநிலைக்கும் கீழே போகும். வசந்த காலத்திலும்கூட பகலில் 29 டிகிரி, இரவில் 10 டிகிரி என்று ஒரே நாளில் பெரிய வித்தியாசம் இருக்கும். பாலைவனம்தானே என்று டி-ஷர்ட்டோடு போனவர்கள் இரவில் நடுங்குவது வழக்கமான கதை.

தண்ணீர்க் கணக்கு என்ன?

ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஒரு கேலன், அதாவது ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது பூங்கா நிர்வாகத்தின் அறிவுரை. மலையேறினால் அதைப்போல இரண்டு மடங்கு.

நான்கு பேர் கொண்ட குடும்பம், இரண்டு முழு நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்சம் 32 லிட்டர். இரண்டு நாளும் ஹைக்கிங் போனால் 64 லிட்டர். நம் வீடுகளுக்கு வரும் 20 லிட்டர் கேன் கணக்கில் சொன்னால், மூன்று கேனுக்கும் மேல். சமைக்க, பாத்திரம் கழுவத் தனி.

இவ்வளவையும் ஏன் சுமந்துகொண்டு போக வேண்டும்? பூங்காவின் உட்பகுதியில் குடிதண்ணீர் இல்லை என்பதால்தான். ஓரங்களில் உள்ள சில நுழைவுப் பகுதிகளிலும் பிளாக் ராக், காட்டன்வுட் போன்ற முகாம்களிலும் மட்டுமே குழாய் உண்டு. 120க்கும் மேற்பட்ட கூடார இடங்கள் கொண்ட ஜம்போ ராக்ஸ் முகாமில் ஒரு சொட்டு கிடைக்காது. உள்ளே கடையோ ஹோட்டலோ கிடையாது. பூங்காவின் பெரும்பகுதியில் மொபைல் சிக்னலும் கிடையாது.

வெறும் தண்ணீரும் போதாது. வியர்வையில் உப்பும் போய்விடும். உப்பை ஈடுகட்டாமல் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, அதுவே ஆபத்தாகலாம். உப்புள்ள நொறுக்குத்தீனியும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் பையில் இருக்க வேண்டியது அதனால்தான்.

மூன்று குடும்பங்களுக்கு என்ன நடந்தது?

அமெரிக்காவின் மற்ற பாலைவனப் பூங்காக்களில் நடந்த மூன்று சம்பவங்கள், ஆபத்து எவ்வளவு வேகமாக வரும் என்பதைக் காட்டுகின்றன.

2015 ஆகஸ்ட், நியூ மெக்சிகோவின் வொயிட் சாண்ட்ஸ். பிரான்சிலிருந்து வந்த தம்பதி தங்கள் 9 வயது மகனோடு வெண்மணல் மேடுகளில் நடக்கப் போனார்கள். கையில் இருந்தது இரண்டு சிறிய பாட்டில் தண்ணீர். தாயும் தந்தையும் இறந்தார்கள். மகன் பிழைத்தான். தாங்கள் ஒரு மடக்கு குடித்தால் மகனுக்கு இரண்டு மடக்கு கொடுத்திருக்கிறார்கள் என்று விசாரித்த காவல் அதிகாரி அப்போது கூறினார்.

2023 ஜூன், டெக்சஸின் பிக் பெண்ட். நிழலோ தண்ணீரோ இல்லாத ஒரு பாதையில், சுமார் 48 டிகிரி வெயிலில், 14 வயதுச் சிறுவன் மயங்கி விழுந்தான். அண்ணன் அவனைத் தூக்கிக்கொண்டு திரும்ப முயன்றார். 31 வயதான வளர்ப்புத் தந்தை உதவி தேடிக் காரை நோக்கி ஓடினார். சிறுவன் பாதையிலேயே இறந்தான். தந்தை ஓட்டிய கார் பள்ளத்தில் கவிழ்ந்து அவரும் இறந்தார்.

2024 ஜூலை, யூட்டாவின் கேன்யன்லேண்ட்ஸ். 52 வயது தந்தையும் 23 வயது மகளும் வழி தவறினார்கள். தண்ணீர் தீர்ந்தது. அவசர எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். மீட்புக் குழு கண்டுபிடித்தபோது இருவரும் உயிரோடு இல்லை.

மூன்றுமே கோடை மாதங்களில் நடந்தவை. மூன்றுமே நீண்ட சாகசப் பயணங்கள் அல்ல. பகல் நேர நடைகள்.

உதவி உடனே வந்துவிடும் என்ற நம்பிக்கையும் இங்கே எடுபடாது. காற்று சூடாகும்போது அதன் அடர்த்தி குறையும்; ஹெலிகாப்டரைத் தூக்கிப் பிடிக்கும் விசையும் குறையும். டெத் வேலி பூங்காவில் வெப்பநிலை சுமார் 49 டிகிரியைத் தாண்டினால் மீட்பு ஹெலிகாப்டர்கள் பொதுவாகப் பறக்க முடியாது. மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் அது கிடைக்காது.

ரேஞ்சர்கள் குறைந்தால் சுற்றுலாவுக்கு என்ன?

வழி தவறியவரைத் தேடுவது, மயங்கியவருக்கு முதலுதவி, "இந்த வெயிலில் இந்தப் பாதை வேண்டாம்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவது, கழிப்பறை சுத்தம் செய்வது. எல்லாம் பூங்கா ஊழியர்களின் வேலைதான்.

2024இல் அமெரிக்க தேசியப் பூங்காக்களுக்கும் நினைவிடங்களுக்கும் சுமார் 33 கோடியே 19 லட்சம் வருகைகள் பதிவாயின. அதுவரை இல்லாத உச்சம். அடுத்த ஆண்டே, 2025 பிப்ரவரியில், தேசியப் பூங்காச் சேவையில் புதிதாகச் சேர்ந்திருந்த சுமார் 1,000 ஊழியர்கள் ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்கள். நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பிறகு பலர் திரும்ப அழைக்கப்பட்டாலும், விருப்ப ஓய்வு, ராஜினாமா, ஆள் எடுப்புத் தடை என்று எண்ணிக்கை சரிந்தது. 2025இல் மட்டும் நிரந்தர ஊழியர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கை இழந்துவிட்டதாகப் பூங்காக்களுக்காகக் குரல் கொடுக்கும் தேசியப் பூங்காப் பாதுகாப்புச் சங்கம் சொல்கிறது.

ஆள் இல்லாத பூங்கா எப்படி இருக்கும் என்பதை ஜோஷுவா ட்ரீ ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாட்கள் அமெரிக்க அரசு முடங்கியது. பூங்காவின் கதவு திறந்தே இருந்தது; பெரும்பாலான ஊழியர்கள் இல்லை. கழிப்பறைகள் நிரம்பி வழிந்தன. தன்னார்வலர்கள் குப்பை அள்ளினார்கள். சிலர் வண்டியைப் பாதையை விட்டு இறக்கி ஓட்டினார்கள். ஜோஷுவா மரங்களும் சேதமாக்கப்பட்டன. இந்தச் சேதம் சரியாக 200 முதல் 300 ஆண்டுகள் ஆகலாம் என்று அங்கே முன்பு தலைமை அதிகாரியாக இருந்தவர் எச்சரித்தார். 2025 அக்டோபர் 1இல் தொடங்கிய அடுத்த முடக்கம் 43 நாட்கள் நீடித்தது. அப்போதும் பெரும்பாலான பூங்காக்கள் குறைந்த ஆட்களோடு திறந்தே வைக்கப்பட்டன.

பூட்டினால் சுற்றுலாவை நம்பியிருக்கும் சிற்றூர்களுக்கு நஷ்டம், மக்களுக்கும் கோபம். திறந்து வைத்தால் இடத்துக்கும் வருகிறவர்களுக்கும் ஆபத்து. அரசியல்வாதிகளுக்கு இரண்டாவது வழி சுலபமாகத் தெரிகிறது. முதலாவதன் நஷ்டம் உடனே தெரியும். இரண்டாவதன் நஷ்டம் தெரியப் பல ஆண்டுகள் ஆகும்.

மரத்துக்கே ஆபத்தா?

ஜோஷுவா மரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே வளரும். அதன் மகரந்தச் சேர்க்கைக்கு யுக்கா அந்துப்பூச்சி ஒன்றுதான் கதி.

பெரிய மரங்கள் உடம்பில் நீரைச் சேமித்து வறட்சியைத் தாங்கிவிடும். நாற்றுகளால் முடியாது. அதனால் பெரியவர்கள் மட்டும் மிஞ்சிய கிராமம்போல, பார்க்க மரங்கள் நிறைந்திருந்தாலும் அடுத்த தலைமுறை இல்லாத பகுதிகள் உருவாகின்றன. 2019இல் வெளியான கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, கரியமில வாயு வெளியேற்றம் கட்டுப்படுத்தப்படாவிட்டால் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் பூங்காவில் இந்த மரத்துக்கு ஏற்ற நிலத்தில் 0.02 சதவீதம் மட்டுமே மிஞ்சும் என்று கணித்தது. தீவிரமாகக் கட்டுப்படுத்தினால் சுமார் 19 சதவீதத்தைக் காப்பாற்றலாம்.

கூடவே தீ. 2020 ஆகஸ்டில் அருகிலுள்ள மொஹாவி தேசியக் காப்பகத்தில் மின்னலால் பற்றிய தீ, சுமார் 13 லட்சம் ஜோஷுவா மரங்களை அழித்ததாக மதிப்பிடப்பட்டது. வெளியிலிருந்து வந்து பரவிய புல்வகைகள் மரங்களுக்கு நடுவே திரி போலக் காய்ந்து கிடப்பது தீயை வேகமாகக் கடத்துகிறது. 2023இல் கலிஃபோர்னிய அரசு இந்த மரத்தைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

இதற்கெல்லாம் யார் பணம் கொடுப்பது?

ஜோஷுவா ட்ரீயில் ஒரு காருக்கு 30 டாலர். ஏழு நாள் செல்லும். இந்த நுழைவுக் கட்டணத்தில் 80 சதவீதம் பொதுவாக வசூலித்த பூங்காவுக்கே திரும்பிவரும். ஆனால் நாடு முழுக்க பூங்காக்களில் தேங்கிக் கிடக்கும் பராமரிப்புப் பணிகளின் மதிப்பு சுமார் 2,300 கோடி டாலர். நுழைவுச் சீட்டு விற்று இதை அடைக்க முடியாது.

இந்தச் சுமையின் ஒரு பகுதி இப்போது வெளிநாட்டவர் பக்கம் திரும்பியிருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல், கிராண்ட் கேன்யன், ஸயான், யோசெமிட்டி உள்ளிட்ட 11 பிரபலமான பூங்காக்களில், அமெரிக்காவில் வசிக்காதவர்கள் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 100 டாலர் தர வேண்டும். இல்லாவிட்டால் 250 டாலர் ஆண்டுச் சீட்டு வாங்க வேண்டும். ஜோஷுவா ட்ரீ இந்தப் பட்டியலில் இல்லை. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவைப் பாலைவனம் காட்டக் கூட்டிப்போக நினைப்பவர்கள், எந்தப் பூங்கா என்பதைப் பொறுத்துக் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

போகிறவர்கள் என்ன செய்யலாம்?

- அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். கோடையில் போயே ஆக வேண்டும் என்றால், காலை 10 மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள்.
- பிள்ளைகளோடு என்றால் ஹிட்டன் வேலி போன்ற ஒரு மைல் சுற்றுப் பாதை போதும். ரயன் மலை போய்வர மூன்று மைல்தான். ஆனால் 1,000 அடிக்கு மேல் ஏற வேண்டும்.
- கொண்டுபோன தண்ணீரில் பாதி தீரும் முன்பே திரும்புங்கள். உச்சி கண்ணுக்கு எட்டிவிட்டதே என்பது காரணம் ஆகாது.
- மேப்பை முன்கூட்டியே டவுன்லோடு செய்யுங்கள். பேப்பர் மேப்பும் இருக்கட்டும். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.
- வானம் கறுத்தால் வறண்ட ஓடைப் படுகையில் நிற்காதீர்கள். தூரத்தில் பெய்த மழைகூட வெள்ளமாக வந்து சேரும்.
- பாதையை விட்டு இறங்காதீர்கள். மணல் போலத் தெரியும் கறுப்பு மேலோட்டில் உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ஒரு காலடியில் உடைவது திரும்ப உருவாகப் பல ஆண்டுகள் ஆகும்.

2017 முதல் ஜோஷுவா ட்ரீ சர்வதேச இருள்வானப் பூங்காவாகவும் அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. நகரத்தில் வளரும் ஒரு குழந்தை பால்வீதியை முதன்முதலாகப் பார்ப்பது இங்கேயாக இருக்கலாம். அதனால் போகாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. வாசலில் எச்சரிக்க ஆள் குறைவாக இருக்கும் காலத்தில், அந்த எச்சரிக்கையை வீட்டிலேயே படித்துவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது. தண்ணீர்க் கேன்களை எண்ணிக் காரில் ஏற்றுவது குடும்பத்தின் பொறுப்பு. தேடி வரப் போதுமான ஆட்களை வைத்திருப்பது அரசின் பொறுப்பு. இதில் இரண்டாவது எந்த அளவுக்குக் குறைகிறதோ, அந்த அளவுக்கு முதலாவதில் தவறு செய்ய இடம் இல்லாமல் போகிறது.