வரப்பில் ஓடுகிறவர் கவனத்துக்கு

விடுமுறைக்குப் போகும்போதும் ஓட்டக் காலணியை எடுத்துவைக்கும் நேயர்கள் பெருகிவிட்டார்கள். அவர்கள் அடிக்கடி கேட்கும் இடம் வியட்நாமின் சாப்பா. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். எதிரே 3,100 மீட்டரைத் தாண்டிய ஃபான்சிபான் மலை. 2013 முதல் அங்கே மலை மாரத்தானும் நடக்கிறது.

நகரிலிருந்து மூங் ஹுவா பள்ளத்தாக்கில் இறங்கினால் ஹுமோங் மக்களின் லாவ் சாய் கிராமம், அடுத்து ஸாய் மக்களின் தா வான். மரவீடுகள், எருமைகள், படிப்படியாக இறங்கும் நெல்வயல்கள்.

பல இடங்களில் ஓடுபாதையே வயல் வரப்புதான். மேல் வயலில் தண்ணீரைத் தேக்கிவைப்பது அந்த வரப்பு. நம் கால் பட்டு ஓரம் சரிந்தால் மேலே தண்ணீர் வடிந்துவிடும். கீழே நாற்றில் மண் அடிக்கும். ஆண்டுக்கு ஒரே போகம் விளையும் ஊர் அது. போனால் அடுத்த ஆண்டுதான்.

மே, ஜூனில் நடவு. செப்டம்பர் வாக்கில் அறுவடை. மழையில் வரப்பு இளகியிருக்கும் நாட்களில் ஊர்ச் சாலையிலேயே ஓடுங்கள். முதுகில் கூடையோடு எதிரே ஓர் அம்மா வந்தால் நின்று வழிவிடுங்கள். உங்கள் கைக்கடிகாரத்தில் அரை நிமிடம் கூடும், அவ்வளவுதான். அவருக்கு அது வேலைக்குப் போகிற வழி.