மண்ணுக்குள் கிடக்கும் காசுக்கு ஒரு விலாசம் உண்டு

பதிவு நீளம்தான். வழக்கம்போல் இரண்டு வரி படித்துவிட்டு "அருமை டீச்சர்" என்று போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள். முழுதும் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

குடும்பக் குழுவில் இரண்டு வாரமாக ஒரே பேச்சு. பழைய காசு தேடும் மெட்டல் டிடெக்டரை ஊர்க் கொடைக்குப் போகும்போது கொண்டுபோய், ஸ்ரீவைகுண்டம் பக்கம் உள்ள நம் மேட்டு நிலத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். மழை பெய்தால் தாழி ஓடுகள் மேலே தெரியும் நிலம் அது. "அத்தனை பானை இருக்கிற இடத்தில் தங்கம் இல்லாமலா இருக்கும்?" என்று என் தங்கை மகன் கேட்டான். அதற்கு நாற்பது பேர் கைதட்டியிருக்கிறார்கள். நான் வேண்டாம் என்று ஒரு வரி போட்டேன். "பெரியம்மாவுக்குப் புது டெக்னாலஜி என்றாலே பயம்" என்று பதில் வந்தது.

பயம் என்றால் தொட்டே பார்த்திருக்க மாட்டேன். அந்த மெஷினை வாங்கியவன் என் பழைய மாணவன், அடையாறில் இருக்கிறான். விலை ₹28,000. மிக மலிவும் இல்லை, மிக உயர்ந்ததும் இல்லை. அவனைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் காலையில் பட்டினப்பாக்கம் மணலிலும் பெசன்ட் நகர் மணலிலும் சோதித்தேன். கையில் மர ஸ்கேல், நோட்டு, பென்சில். அறிவியல் பாடம் எடுத்தவள் அப்படித்தான் செய்வாள்.

முதலில் அது வேலை செய்யும் விதம். கீழே வட்டமாக இருப்பது கம்பிச்சுருள். அதில் மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம் ஓடுகிறது. அதனால் மாறும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. வழியில் உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அது ஒரு சிறு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. மெஷின் அதைக் கேட்டுச் சத்தம் போடுகிறது, திரையில் ஓர் எண் காட்டுகிறது. இரும்புக்கு ஒருவிதம், செம்புக்கும் வெள்ளிக்கும் ஒருவிதம். அவ்வளவுதான் அதன் படிப்பு. அது காசா, கதவுத் தாழ்ப்பாளா, எந்தக் காலத்தது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

நாங்களே சில பொருள்களைப் புதைத்துப் பார்த்தோம். என்னிடம் இருந்த ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட செம்புக் காலணாவை 15 செ.மீ. ஆழத்தில் தெளிவாகச் சொன்னது. 20 செ.மீ.யில் முனகியது. 25-இல் வாயே திறக்கவில்லை. பழைய பொற்பணம் ஒன்று அரை கிராம் கூட இருக்காது. அதற்குப் பதிலாக என் மூக்குத்தியைக் காகிதத்தில் சுற்றிப் புதைத்தேன். 5 செ.மீ.க்குக் கீழே போனதும் மெஷினுக்குக் கேட்கவில்லை. இன்றைய ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும் எஃகு. அதை ஒருமுறை இரும்பு என்றது, திருப்பிப் போட்டால் வெள்ளி என்றது. அலை வந்துபோகும் ஈர மணலில் உப்புத் தண்ணீரைக் கேட்டே கத்தத் தொடங்கிவிட்டது. கருமணல் படிந்த பட்டையிலும் அதே கதை.

பிறகு தேடல். மூன்று காலையில் தோண்டிய குழிகள் 43. சோடா, பீர் பாட்டில் மூடி 17. கேன் திறக்கும் அலுமினிய வளையமும் காகிதமுமாக 11. வலையில் கட்டும் ஈயக்குண்டு 4. ஆணி, ஹேர்பின், ஊக்கு 5. நடப்பு நாணயம் 5. செல்லாத இருபத்தைந்து பைசா 1. பழைய காசு? பூஜ்யம். ஒன்று கவனியுங்கள்: அந்த அலுமினிய வளையத்துக்கும் மெல்லிய தங்க மோதிரத்துக்கும் மெஷின் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் காட்டுகிறது. ஆகவே தங்கம் வேண்டுமென்றால் எல்லா வளையத்தையும் தோண்டியே ஆகவேண்டும்.

மெஷின் மோசம் என்று சொல்லவில்லை. ₹28,000-க்கு நேர்மையாக உழைக்கிறது. கடற்கரையில் தொலைந்த மோதிரத்தைத் தேட, சுவருக்குள் ஓடும் குழாயைக் கண்டுபிடிக்க, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். என் சண்டை, அதைத் தாமிரபரணிக் கரைக்குக் கொண்டுபோவதைப் பற்றியது.

43 குழிக்கு ஒரு பழைய காசு இல்லை என்றால், கடற்கரையில் நஷ்டம் ஒன்றுமில்லை. மணலைத் தள்ளி மூடிவிட்டு வந்துவிடலாம். அதே 43 குழியைத் தாழிக்காட்டில் போட்டால்? ஒவ்வொரு குழியும் ஒரு தாழியின் கழுத்தை உடைக்கும். மெஷின் "பீப்" என்றது ஒரு துருப்பிடித்த ஆணிக்காக இருக்கும். அந்த ஆணிக்காக நீங்கள் கிளறி எறிந்த மண்ணில்தான் விஷயமே இருக்கும்.

அந்தப் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் இருந்த மண்ணில் நெல் உமி கிடைத்தது. அதைக் கரிமப் பகுப்பாய்வுக்கு அனுப்பியதில் கி.மு. 1155 என்று காலம் வந்தது. 2021-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். நெல் உமிக்குப் பீப் அடிக்கும் மெஷின் உலகத்தில் உண்டா? கீழடியில் நம்மைத் தலைநிமிர வைத்தவை செங்கல் கட்டடங்களும், தமிழி எழுத்து கீறிய பானை ஓடுகளும். அவையும் பீப் அடிக்காது. நம் சென்னைக்கே வாருங்கள். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். பழைய கற்கால மனிதன் செய்த கைக்கோடரி. இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது என்று பாடத்தில் படித்தீர்கள். அந்தக் கல்லின் மேல் இந்த மெஷினை நாள் முழுக்க ஆட்டினாலும் சத்தம் வராது.

காசுக்கே வருவோம். காசு எழுத்து மாதிரி. அது எந்த வாக்கியத்தில் இருந்தது என்று தெரிந்தால்தான் பொருள். எந்த அடுக்கில், எந்தப் பானைக்குப் பக்கத்தில், வேறு எந்தக் காசுகளோடு கிடந்தது என்பதுதான் அதன் விலாசம். 1898-இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. ஒரு காசில் அந்த வெட்டைப் பார்த்தால் ஏதோ சேதம் என்று விட்டுவிடுவோம். நூற்றுக்கணக்கான காசுகளில் ஒரே மாதிரிப் பார்க்கும்போதுதான், யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள், இனி இது நாணயமாகப் புழங்கக் கூடாது என்று முடிவுகட்டியிருக்கிறார்கள் என்று யோசிக்க முடிகிறது. கண்டெடுத்தவர்கள் ஆளுக்கு நாலு பங்கு பிரித்து நகைக்கடையில் உருக்கியிருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திருக்காது.

இனி உங்கள் வாதங்களுக்கு ஒவ்வொன்றாக வருகிறேன்.

"நம்ம பட்டா நிலம் பெரியம்மா, யார் கேட்பது?" சட்டம் கேட்கும். 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும் அல்லது கேட்கும்போது கொண்டுவர ஜாமீன் தர வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதம். உங்கள் பங்கும் போய்விடும். 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதை வைத்து வியாபாரம் செய்யக்கூடாது. தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. "ஆன்லைனில் போட்டால் லட்சம் போகும்" என்று வீடியோ போடுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

"லண்டனில் எல்லோரும் செய்கிறார்களே?" செய்கிறார்கள். எப்படி என்றும் பாருங்கள். 1992-இல் இங்கிலாந்தில் ஹாக்ஸன் என்ற ஊரில் ஒரு விவசாயியின் சுத்தியல் தொலைந்துபோனது. அதைத் தேட எரிக் லாவ்ஸ் என்பவர் டிடெக்டரோடு போனார். ரோமானியப் பொன்னும் வெள்ளியும் தட்டுப்பட்டதும் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து எடுத்தார்கள். சுமார் 15,000 காசுகள். மரப்பெட்டிக்குள் எது எந்த வரிசையில் அடுக்கியிருந்தது என்பது வரை தெரிந்தது. அவருக்கு 17.5 லட்சம் பவுண்டு வெகுமதி. அதை அந்த விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது! அதே நாட்டில் 2015-இல் லெம்ஸ்டர் அருகே இரண்டு பேர் வைக்கிங் காலப் புதையலைக் கண்டெடுத்து, சொல்லாமல் காசு காசாக விற்றார்கள். சுமார் 300 காசுகள் இருந்திருக்கும் என்கிறார்கள். மீண்டது ஏறக்குறைய 30. இரண்டு அரசர்கள் கூட்டணியாக இருந்ததைக் காட்டும் அபூர்வமான காசுகள் அதில் இருந்தன. 2019-இல் இருவரும் சிறைக்குப் போனார்கள். இரண்டு தரப்பிலும் மெஷின் ஒன்றுதான். முதல் ஆள் எங்கே கையை நிறுத்தினார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

"கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்களால்தானே சேரர் காசுகளே கிடைத்தன?" இதைக் கேட்ட பிள்ளைக்கு நூற்றுக்கு நூறு. உண்மைதான். 'மாக்கோதை', 'கொல்லிப்புறை' என்று பெயர் பொறித்த காசுகள் அந்த ஆற்றுப்படுகையில் கிடைத்தவை. 'பெருவழுதி' காசை 1980களில் வாசித்துச் சொன்ன நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள், வியாபாரிகளிடமிருந்து வாங்கியாவது அப்படிப்பட்ட காசுகளைக் காப்பாற்றியிருக்காவிட்டால் அவை பாத்திரக்கடை உலைக்குப் போயிருக்கும். அவர்களை வணங்குகிறேன். ஆனால் ஆற்று மணலில் அடுக்கு என்பது வெள்ளத்தில் ஏற்கெனவே குலைந்துபோனது. அங்கே சலிப்பவர் புதிதாகக் குலைக்க அதிகம் இல்லை. நம் மேட்டு நிலத்தில் தாழி வைத்தது வைத்தபடி இருக்கிறது. இன்னொன்று: விலாசம் இல்லாமல் வந்த காரணத்தால்தான் அந்தக் காசுகளின் காலத்தை எழுத்தின் வடிவத்தையும் ரோமானியக் காசின் சாயலையும் வைத்தே கணிக்க வேண்டியிருக்கிறது. அறிஞர்கள் ஆளுக்கொரு காலம் சொல்கிறார்கள்.

"ஒப்படைத்தால் கோடவுனில் கிடந்து மட்கும்; அதிகாரிகள் நம்மைத்தான் அலைய விடுவார்கள்." இந்த வாதத்துக்கு மட்டும் என்னால் முழு எதிர்ப்பு சொல்ல முடியாது. புதையல் கண்டவன் குற்றவாளி மாதிரி ஸ்டேஷனில் நிற்கும் கதைகளை நானும் கேட்டிருக்கிறேன். சட்டம் நியாயமாகவே பங்கு பேசுகிறது: புதைத்தவரோ அவர் வாரிசோ இல்லாத புதையலில், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், கண்டெடுத்தவருக்கு முக்கால், நில உரிமையாளருக்குக் கால். அரசே எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். ஆனால் பாருங்கள், உலோக மதிப்பு! ஒரு சங்ககாலச் செம்புக் காசின் உலோக மதிப்பு என்ன? ஒரு டீ கூட வராது. இப்படி விலை போட்டால் ஏழை எவன் கொண்டுவந்து கொடுப்பான்? பத்து ரூபாய் வரம்பும் 1878-இல் வைத்ததுதான். இங்கிலாந்தில் 1996-இல் புதுச் சட்டம் போட்டார்கள். சந்தை மதிப்புக்கு வெகுமதி தருகிறார்கள். 1997 முதல் சாதாரண மனிதர்கள் கண்டெடுத்ததைப் பதிவு செய்ய ஒரு திட்டமே நடத்துகிறார்கள். நமக்கும் அது வேண்டும். வட்டத்துக்கு ஓர் ஆள், ஒரு படிவம், மரியாதையாக ஒரு ரசீது. இதை அரசிடம் கேட்போம், கையெழுத்துப் போட நான் முதல் ஆள். அரசு சரியில்லை என்பதற்காக நாமே போய்த் தாழியை உடைப்பது, நூலகம் பூட்டியிருக்கிறது என்று புத்தகத்தைக் கிழித்து வருவது மாதிரி.

"எப்படியும் ஜேசிபி வந்து தோண்டத்தானே போகிறது?" ஜேசிபிக்காரன் நம் பரம்பரை நிலத்துக்கு யார் சொல்லி வருவான்? நாம் விற்றால்தான், நாம் விட்டால்தான். அந்தச் சாவி நம் கையில்தான் இருக்கிறது.

ஆகவே குடும்பத்துக்கு என் முடிவு இது. மெஷின் சென்னையிலேயே இருக்கட்டும். உழும்போதோ மழையிலோ ஏதாவது வெளிப்பட்டால்: கை வைக்காதீர்கள், கழுவாதீர்கள், புளி போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள், எழுத்து அத்தோடு போச்சு. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். இடத்தைக் குறியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள், ஆட்சியருக்கு எழுத்து மூலம் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வாருங்கள். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ நூறு ஆண்டுக்கு முன் எடுத்த பொருள்கள் அங்கே வந்து சேர்ந்தவை. நம் நிலத்துக்குக் கூப்பிடு தூரத்து மண்ணில் கிடந்தவை. மயிலாப்பூரில் இருந்து ஆட்டோவில் அரைமணி நேரம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு வாசலில் நிற்கிறேன். பேரப்பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். தங்கை மகனே, நீ கட்டாயம் வர வேண்டும். டிக்கெட் பெரியம்மா செலவு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்